செலவைச் சுருக்கி, வீட்டிலேயே செய்து கொடுக்கக்கூடிய நத்தார் பரிசுகள் எவை?

பரிசு கொடுக்கவேண்டிய உறவினர், நண்பர் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போவதாகவும், சம்பளம் அப்படி நீளாததால் இம்முறை கடைக்குப் போகாமல் வீட்டிலேயே எதையாவது செய்ய எண்ணுவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் 2022ஆம் ஆண்டு முதல் இதையே செய்து வருகிறவள் என்ற முறையில், என் அனுபவத்தை எழுதுகிறேன். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. கோதுமை மாவும் பட்டரும் முட்டையும் எங்கள் கைக்கு எட்டாமற் போயிருந்தன. விருப்பத்தால் அல்ல, வேறு வழியின்மையால்தான் தொடங்கினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வீட்டில் செய்கிற பொருள் மலிவாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு தவறு. பெரியம்மாவுக்கு ஒன்று, மச்சாளுக்கு இன்னொன்று, அயலவருக்கு வேறொன்று என்று ஆளுக்கொரு பொருளாகத் தொடங்கினால், ஒவ்வொன்றுக்கும் வாங்கிய மூலப்பொருளில் பாதி மிஞ்சி அலுமாரியில் கிடக்கும். கணக்குப் பார்த்தால் கடையில் வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். காணொளிகளில் அழகாகத் தெரிகிற வாசனை மெழுகுதிரியும் சவர்க்காரமும் இந்த வகையைச் சேர்ந்தவை. மெழுகு, அச்சு, வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் வெளியிலிருந்து தருவிக்கவேண்டும். கஜுவும் முட்டையும் பழப்பாகும் சேர்கிற ரிச் கேக்கும் அப்படித்தான். அது நம் நத்தாரின் அடையாளம் என்பதை மறுக்கவில்லை, ஆனால் செலவு குறைந்த பரிசு என்று அதை ஒருவரும் சொல்லமுடியாது. உங்கள் வீட்டில் வழக்கமாக நன்றாக வருகிற ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதையே எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே தடவையில் செய்யுங்கள்.

இரண்டாவது, நம் ஊருக்கே உரிய சிக்கல். நத்தார் மார்கழி ஒன்பதாம் பத்தாம் நாளளவில் வருகிறது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி அதுவரையிலும் விடாமல் இருக்கும். வெயிலில் உலரவேண்டிய எதையும் டிசெம்பரில் தொடங்கினால் அது உலராது, பூஞ்சணம்தான் பிடிக்கும். ஆகவே வெயில் வேண்டிய வேலைகளைப் புரட்டாதிக்குள் முடித்துவிடவேண்டும். அது தவறிப்போயிருந்தால், வெயில் வேண்டாத பொருளைத்தான் தேடவேண்டும்.

வெயிலை அதிகம் நம்பியிராத பொருள்களுள் நான் முதலிடம் கொடுப்பது வறுத்தரைத்த யாழ்ப்பாணத் தூளுக்கு. செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 150 கிராம், சின்னச்சீரகம் 100 கிராம், வெந்தயம் 75 கிராம், மஞ்சள் 50 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை: இது எங்கள் வீட்டு அளவு, உங்கள் அம்மாவின் அளவு வேறாக இருக்குமாயின் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வறுபடும்போது ஈரம் போவதையும் ஆலையில் சிந்துவதையும் கழித்தால், 200 கிராம் வீதம் பன்னிரண்டு பொதிகள் தேறும். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகத்தான் தாச்சியில் வறுக்கவேண்டும், ஏனெனில் மல்லி பதமாகும் நேரத்தில் வெந்தயம் கருகிவிடும். கருகிய வெந்தயத்தின் கசப்பு தூள் முழுவதற்கும் ஏறும். மிளகாயைக் காம்பு ஒடித்துக் கடைசியாக வறுங்கள். அயல்வீட்டாரும் தும்முவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை. அரைக்கும் ஆலையில் உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார் என்பதையும் கவனியுங்கள். அரிசிமா அரைத்தவருக்குப் பின்னால் போனால் உங்கள் தூளில் மா கலக்கும். வேறொருவர் தூள் அரைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அவருக்கு அடுத்ததாகக் கொடுப்பதே நல்லது. ஆலையிலிருந்து சூடாக வருகிற தூளைக் கடதாசியில் பரப்பி முற்றாக ஆறவிட்ட பிறகே கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும்.

இந்தத் தூளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இனிப்புக் கொடுத்து அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தவேண்டியதில்லை. நத்தாருக்கு ஊருக்கு வந்து ஜனவரியில் கனடாவுக்கும் இலண்டனுக்கும் திரும்புகிறவர்கள், பெட்டியில் எதை விட்டாலும் இதை விடுவதில்லை. அவர்களுக்குரிய பொதியை மட்டும் இரண்டு உறைகளில் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் உள்ள உடுப்பெல்லாம் கறி மணக்கும்.

பலகாரம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பயற்றம் பணியாரமும் முறுக்கும் கட்டுப்படியாகும். இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் தேங்காய்ப்பூவை அரைகுறையாக வறுத்து, பணியாரம் ஆறுவதற்குள் மூடியிறுக்கமான பிளாஸ்ரிக் பேணிகளில் அடைத்து, 22ஆம் திகதியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சாள் வாயே திறக்கவில்லை. அவருடைய சின்ன மகள்தான் திருப்பலி முடிந்து வந்த வழியில், “மாமி, பணியாரத்தில பஞ்சு முளைச்சிருக்கு” என்று சொன்னாள். தேங்காயின் ஈரமும் பேணிக்குள் அடைபட்ட ஆவியும் சேர்ந்தால் மார்கழிக் குளிரில் மூன்று நாள் போதும். இப்போது தேங்காய்ப்பூவை ஈரம் முற்றாகப் போய்ப் பொன்னிறமாகும்வரை வறுக்கிறேன், பணியாரத்தை ஓர் இரவு முழுவதும் ஆறவிடுகிறேன், 23ஆம் திகதிக்கு முன் செய்வதில்லை, புதுவருடத்துக்கு முன் தின்று முடிக்கும்படி துண்டில் எழுதியும் வைக்கிறேன்.

தேசிக்காய் ஊறுகாய் வெயில்காலத்துக்குரியது. அடுத்த ஆண்டுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் வெயிலில், அடி பிரியாமல் நான்காகக் கீறிய காய்க்குள் உப்பை அடைத்து, மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் அதன் சாற்றிலுமாக மாறி மாறிப் போட்டு எடுத்தால், நத்தாருக்கு நன்றாகப் பழுத்திருக்கும். வருடம் முழுவதும் சேர்த்த ஜாம் போத்தல்களைப் பத்து நிமிடம் நீரில் கொதிக்கவைத்து, துளி ஈரமில்லாமல் உலர்த்திப் பயன்படுத்தலாம். தகர மூடி மட்டும் ஆகாது. உப்பும் புளியும் சேர்ந்து துருவாக்கிவிடும்.

உலர்த்தும் பொருள்களுக்குப் பகையான மழை, கன்றுகளுக்கு நட்பு. இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். ஐப்பசியின் முதல் மழையோடு செவ்வரத்தை, குரோட்டன், கற்பூரவள்ளி ஆகியவற்றின் கிளைகளை ஒடித்து நட்டால், பெரும்பாலானவை டிசெம்பர் பிற்பகுதியில் தளிர்விட்டு நிற்கும். செலவு என்று சொல்ல எதுவுமில்லை. சாடிக்கும் பணம் வேண்டாம். தயிர் வாங்கும்போது வருகிற மண்சட்டிகளை நாம் எல்லோரும் கழுவிக் கழுவிப் பின்வளவில் அடுக்கிவைத்திருக்கிறோம் அல்லவா, அவை போதும். சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் கவிழ்த்து, கூரிய ஆணியை அடியில் ஊன்றி மெல்லத் திருகித் திருகித் துளையிடவேண்டும், அடித்தால் வெடிக்கும். துளையில்லாத சட்டியில் மழைநீர் தேங்கி வேர் அழுகிவிடும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் கற்பூரவள்ளியையே கொடுக்கிறேன், ஏனென்றால் மார்கழித் தடிமனுக்கு அந்த இலையைத் தேடி அவர்கள் எப்படியும் யாருடைய வளவுக்காவது போவார்கள்.

பிள்ளைகளுக்குரிய பரிசு எளிது. பற்றரிக்கே தடையிருந்த தொண்ணூறுகளில், அப்பா எங்களுக்குக் குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் கட்டித் தருவார்; நத்தாரன்று அது கடையில் வாங்கியதில்லை என்ற குறை எங்களுக்கு இருந்ததாக நினைவில்லை. இன்றைய பிள்ளைகள் அதை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனால் தையல்காரரிடம் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகளை ஒட்டித் தாயக்கட்டம் ஒன்று தைத்து, சுருக்குப்பையில் சோகிகளும் இட்டுக் கொடுக்கிறேன். மின்சாரம் நிற்கும் இரவுகளில் பெரியவர்களும் வந்து குந்திவிடுகிறார்கள்.

பணம் மிகக் குறைவாகவும் நேரம் மிக அதிகமாகவும் செலவானது ஒரு கொப்பிதான். அம்மம்மாவின் சமையற் குறிப்புகளை, அவர் சொல்லச் சொல்ல எழுதி, வெளிநாட்டிலிருந்து வந்த என் சித்தியின் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன். அம்மம்மாவின் அளவுகள் சுண்டிலும் பால்பேணியிலும் “கண்ணளவு” என்பதிலும் இருந்தன; அவர் அள்ளிப் போட்டதை நான் ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதவேண்டியிருந்தது. அவர் அதற்கு எரிச்சல்பட்டதையும் அப்படியே குறிப்பின் கீழே எழுதிவைத்தேன். மூவரும் முதலில் வாசித்தது அந்த வரிகளைத்தான். ஆனால் இந்த வேலைக்கு மூன்று மாதம் வேண்டும். டிசெம்பர் தொடங்கியபின் இதைக் கையிலெடுக்கவேண்டாம்.

கடைசியாகப் பொதி. மினுங்கும் தாளும் நாடாவும், உள்ளே இருப்பதைவிட அதிக விலைக்கு வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பழைய பருத்திச் சீலையில் தைத்த சிறு பை போதுமானது. அதைவிடச் சிறந்தது சிறிய பனையோலைப் பெட்டி. ஓலை இழைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இழைக்கிற அம்மாமாரிடமே நேரடியாகப் போய், ஓலை உலரும் காலத்திலேயே சொல்லிவைத்து வாங்குங்கள். விலை பேசிக் குறைக்காதீர்கள், அவர்களுக்கும் நத்தாரோ பொங்கலோ வருகிறது. மழைக்காலத்தில் பெட்டியை அடுப்பங்கரையில், புகை படும் உயரத்தில் தூக்கிவைத்தால் பூஞ்சணம் அணுகாது.

ஓலைப்பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தை நான் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேல் சைவ வீடுகள். வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. மார்கழியில் தூளோடு போன பெட்டிகள், தைப்பொங்கலன்று வாழையிலையில் சுற்றிய புக்கையோடு திரும்பி வருகின்றன. அவற்றைத் துடைத்து, வெயில் காட்டி, அடுத்த நத்தாருக்கு எடுத்து வைக்கிறேன்.