தேனிலவுக்கு நாயையும் கூட்டிப் போகலாமா? ஏஜென்டிடம் மீதிப் பணத்தைக் கட்டும் முன்…

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தை கடைசியில் எனக்குக் கல்யாணம். மாசியில் நாலு நாள் கடற்கரைப் பக்கம் நிம்மதியாக இருந்துவிட்டு வர நினைக்கிறோம். என்னிடம் ஐந்து வயது சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறான், நான் இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான். மாப்பிள்ளைக்கும் அவனைக் கூட்டிப்போகச் சம்மதம். கன்னியாகுமரிக்கு ரயிலில் கூபே, நாய்க்கு ஃபிட்னஸ் சான்றிதழ், ரிசார்ட் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் என்கிறார் ஒரு ஏஜென்ட். வழியில் தூங்குவதற்கு மாத்திரையும் தருவாராம். 3,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். நம்பலாமா?"

தாராளமாகக் கூட்டிப் போங்கள் அம்மா. ஆனால் அந்த ஏஜென்ட் வேண்டாம், அந்த ரயில் வேண்டாம், அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

முதலில் சான்றிதழ். உங்கள் நாயை அந்த ஏஜென்ட் எந்த டாக்டரிடமாவது காட்டச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நாயின் போட்டோவை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு, எங்கோ ஒரு லெட்டர்பேடில் "ஆரோக்கியமாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. இப்படி வாங்கிய சான்றிதழோடு வெளியூர் போன ஒரு நாயைத் திரும்பி வந்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈறெல்லாம் வெளுத்து, உண்ணிக் காய்ச்சல் முற்றிப் போயிருந்தது. கிளம்பும்போதே காய்ச்சல் இருந்திருக்க வேண்டும். யாராவது ஐந்து நிமிடம் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாயைத் தொட்டுப் பார்க்காமல் தருகிற சான்றிதழ் வெறும் காகிதம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சொந்தக் காரில் தமிழ்நாட்டுக்குள் போக அதை யாரும் கேட்பதும் இல்லை, தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் போதும். வெறிநோய் ஊசியின் தவணை தாண்டியிருந்தால் கல்யாண வேலைக்கு நடுவிலும் இப்போதே போட்டுவிடுங்கள். ஊசி போட்டு மூன்று வாரமாவது ஆன பிறகு பயணம் போவதுதான் சரி.

அடுத்து ரயில். நாய் உங்கள் கூடவே வர வேண்டுமென்றால் முதல் வகுப்பில் இரண்டு பேர் படுக்கும் கூபே முழுவதும் உங்களுக்கே கிடைக்க வேண்டும். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் நாயை ஏற்ற முடியாது. அந்தக் கூபே உங்களுக்குத்தான் என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, சார்ட் போடும்போதுதான் தெரியும். அதற்கு முன்கூட்டியே மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் நாயோடு பார்சல் ஆபீஸில் போய் நின்று அதற்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். இத்தனையும் செய்தும் கூபே கிடைக்காவிட்டால், கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப்பெட்டிதான் கதி. இருட்டான அந்த இரும்புக் கூண்டில் ஒரு நாயை மணிக்கணக்கில் அடைத்து வைக்கலாம் என்று இன்னமும் ஒரு விதி இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, பணம் கட்டிப் போகிற குடும்பத்துக்கு ஒரு நேரான வழி செய்து கொடுக்க இத்தனை வருடம் போதாதா? "கூபே உறுதி" என்று சொல்ல எந்த ஏஜென்டாலும் முடியாது. சார்ட் அவர் கையில் இல்லை.

கன்னியாகுமரியே எதற்கு? அது 240 கிலோமீட்டருக்கு மேல், கூட்டமும் பாறையும் அதிகம். காரில் சிலைமான், மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் 120 கிலோமீட்டர் சுமார், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உச்சிப்புளி. பக்கத்து அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது. வடக்கே பார்த்த அந்தப் பாக் நீரிணைக் கடலை ராமேஸ்வரம் பக்கத்தில் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த மாசியில் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். சனி, ஞாயிறை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தங்குகிற இடத்துக்கு நடுவில் ஆள் வைக்காதீர்கள். "நாய் வரலாம்" என்று புக்கிங் செய்கிறவர் சொல்வார், போய் இறங்கினால் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் கட்டிப்போடச் சொல்வார்கள். சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள தனி வீடாகப் பாருங்கள். உரிமையாளரிடமே பேசி, "நாய் எங்கள் அறைக்குள் படுக்கும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள்.

மாத்திரை விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன், இதில்தான் உயிர் போகிறது. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகள் இவற்றின் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது, லாப்ரடார் எழுந்து உட்காரும் அளவில் இது எழாமல் கிடக்கலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. காரில் ஏறியதுமே வாந்தி எடுக்கிற நாய்க்கு வாந்தி மருந்து தரலாம். அதுவும் நாயின் எடை பார்த்து டாக்டர் எழுதியதாக இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று முதல்முறையாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் வீட்டில் கொடுத்து, திருமங்கலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, அன்றைக்கு முழுக்க அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும். வாந்தி நிறுத்துகிற மருந்து வேறு, தூங்க வைக்கிற மருந்து வேறு. மெடிக்கல் கடையில் கேட்டால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் நாய்க்கு வாந்தி இல்லையென்றால் எந்த மருந்தும் வேண்டாம், கிளம்பும் முன் நாலு மணி நேரம் சாப்பாடு போடாமல் இருந்தாலே போதும், தண்ணீர் கொடுக்கலாம்.

கடற்கரையில் கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். இவனுக்குத் தலை குறுகல், பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும், ஆட்டையோ நண்டையோ பார்த்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. நெஞ்சோடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் பேத்தை மீனைக் கழித்து மணலில் வீசியிருப்பார்கள், அது கடும் விஷம், வாய் வைக்கவே விடக் கூடாது. ஜெல்லி மீன் என்கிற சொறிமீனும் அப்படித்தான். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும், நல்ல தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டும் மணலில் இறக்குங்கள். மாசி என்பது பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட கரையேறும் காலமும்கூட, இருட்டிய பின் அவனை அவிழ்த்து விடாதீர்கள், முட்டையைத் தோண்டிவிடுவான்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட ஆசை இருந்தால், ஒருவர் மாற்றி ஒருவராகப் போங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகிற வேலை பத்து நிமிடத்துக்குக்கூடக் கூடாது.

அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 3,000 போகட்டும், மீதி 19,000 உங்களிடம்தான் இருக்கிறது. வீட்டில் அவன் படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள், முதல் ராத்திரி புது இடத்தில் அந்த வாசனை இருந்தால்தான் படுப்பான்.