கொலை, துப்பு, காட்டலான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பெயினின் பார்சிலோனா பக்கம் பேசும் காட்டலான் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ஒரு சோதனை நாவலை வாங்கினேன். அட்டை பழைய மர்மக் கதை போல. உள்ளே எழுத்துரு மாறிக்கொண்டே இருக்கிறது, அடிக்குறிப்புகள் கதையைவிட நீளம், நடுவில் நாடக வசனம். நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். எப்படிப் படிப்பது?

பதில்: முதல் வாசிப்பில் கொலையை மட்டும் துரத்துங்கள். யார் செத்தது, யார் தேடுவது, யார் மறைப்பது என்ற பல்ப் (மலிவு விலை விறுவிறுப்புக் கதை) சட்டகம் நமக்கெல்லாம் மனப்பாடம். சோதனை எழுத்தாளர்கள் அதைக் கையிலெடுப்பதும் அதனால்தான். எவ்வளவு கலைத்தாலும் வாசகர் வழிதவற மாட்டார் என்று நம்புகிறார்கள்.

ஒரு தாளில் அத்தியாய எண், கதை சொல்பவர், எழுத்துரு மூன்றையும் குறித்துவாருங்கள். எழுத்துரு மாறினால் பெரும்பாலும் ஆள் மாறியிருக்கிறார். ஐந்தாறு அத்தியாயங்களில் ஒழுங்கு பிடிபடும். அடிக்குறிப்பு எண்ணைக் கண்டதும் கீழே இறங்காதீர்கள், பத்தியை முடித்துவிட்டுப் போங்கள். வாக்கியத்தின் நடுவே இறங்கினால் வேகம் செத்துவிடும். வேகம் போனால் பல்ப்பில் மிச்சம் ஒன்றுமில்லை. குறிப்பு வெறும் தகவலென்றால் இரண்டாம் வாசிப்புக்கு விடலாம். அதில் இன்னொரு குரல் பேசினால் ஒரு வரியைக்கூட விடாதீர்கள். பொய் சொல்லும் கதைசொல்லி அங்கே ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: மின்னூலாக வாங்கலாமா?

பதில்: இந்த வகைக்கு அச்சுப் பிரதிதான் நல்லது. எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் கலைந்து பக்கத்தில் அருகருகே நிற்கும் இரட்டைப் பத்திகள் ஒன்றாகிவிடலாம், அடிக்குறிப்புகள் அத்தியாயக் கடைசிக்குப் போய்விடலாம். வேறு வழியில்லையென்றால் செயலியில் பதிப்பாளரின் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். சாதனத்தின் எழுத்துருவை வைத்தால் எல்லாக் குரலும் ஒரே முகமாகிவிடும்.

கேள்வி: காட்டலானில் பல்ப் மரபு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் தாமதமாக வந்தது. 1939-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோ வென்றபின் காட்டலான் பதிப்புத்துறையின் கழுத்து நெரிக்கப்பட்டது. பார்சிலோனாவின் புருகேரா பதிப்பகம் ஐந்து பெசேட்டா (ஸ்பெயினின் பழைய நாணயம்) விலை நாவல்களைக் கொட்டிக் குவித்தது, அவை ஸ்பானிஷில். சில்வர் கேன் என்ற பெயரில் கௌபாய் கதைகளை எழுதித் தள்ளிய பிரான்சிஸ்கோ கோன்சாலஸ் லெதெஸ்மா பார்சிலோனாக்காரர்தான்.

1963-இல் எடிசியோன்ஸ் 62 பதிப்பகம் காட்டலான் எழுத்தாளர் மனுவேல் த பெத்ரோலோவின் பொறுப்பில் ‘லா குவா த பால்யா’ என்ற குற்றக்கதை வரிசையைத் தொடங்கியது. கறுப்பும் மஞ்சளுமான அட்டை. ஹாமெட், சாண்ட்லர், சிமெனோன் போன்ற வெளிநாட்டுக் குற்றக்கதை எழுத்தாளர்கள் காட்டலானில் வந்தார்கள். 1980-களில் ஒஃபேலியா திராக்ஸ் என்ற கூட்டுப்புனைபெயரில் எழுத்தாளர்கள் சிலர் பாலியல், திகில், குற்றம் என்று ஒவ்வொரு வகையாக எடுத்து எழுதினார்கள். பல்ப்பை அங்கே இலக்கியக்காரர்களே தெரிந்தே கட்டி எழுப்பினார்கள். அதனால்தான் சோதனையும் மசாலாவும் ஒரே நாவலில் உறுத்தாமல் உட்காருகின்றன என்பது என் கணிப்பு.

கேள்வி: மொழிபெயர்ப்பு நேரடியானதா, ஸ்பானிஷ் வழியாக வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பதிப்புரிமைப் பக்கத்தில் மூலத் தலைப்பைப் பாருங்கள். ‘மற்றும்’ என்பதற்குக் காட்டலானில் ‘i’ எழுத்து, ஸ்பானிஷில் ‘y’. ‘காட்டலானிலிருந்து’ என்று மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ராமோன் யூல் நிறுவனத்தின் உதவி குறிக்கப்பட்டிருந்தால் இன்னும் நம்பலாம். காட்டலான் நூல்களை மொழிபெயர்க்க வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு நிதி தருவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

நேரடி மொழிபெயர்ப்பிலும் ஒன்று எளிதில் தவறிப்போகும். பார்சிலோனாவில் வீட்டில் காட்டலான் பேசும் பாத்திரம் போலீஸ்காரர் முன்னால் ஸ்பானிஷுக்கு மாறலாம். யாருக்கு அதிகாரம் என்று ஆசிரியர் தனியாகச் சொல்லத் தேவையில்லை, மொழி மாறியதே சொல்லிவிடும். இரண்டையும் ஒரே ஆங்கிலமாக்கினால் அந்தக் காட்சி சப்பென்று ஆகிவிடும். ஆகவே உங்கள் பிரதியில் ஸ்பானிஷ் வசனம் அப்படியே நின்றால் அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். யார் வாயில், யார் எதிரே இருக்கும்போது வருகிறது என்று அந்தத் தாளிலேயே நான்காவதாக ஒரு கட்டம் போட்டுக் குறியுங்கள்.