டப் டப் சத்தமும் அம்மாவின் தலைவலியும்

வாசகர் கேள்வி: வாகனப் பக்கம்

அப்பா வாங்கிய 1986 மாடல் அம்பாசிடர் மார்க் ஃபோர் பெட்ரோல் வண்டியை இன்னும் வைத்திருக்கிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் 'டப் டப்' என்று சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். டேப்பட் சத்தம் என்று இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தார்கள், போகவில்லை. இப்போது மேனிஃபோல்டு கேஸ்கெட் என்கிறார்கள். நானே வீட்டில் மாற்றலாமா? வண்டிக்குள் லேசாகப் புகை வாடையும் வருகிறது. மதுரை போய் வந்தால் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடுகிறது.
வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சத்தம் மறந்துபோனது. அம்மாவின் தலைவலியை வெயில், வயது என்று விட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நீங்கள் முகர்வது கூடவே வரும் மற்ற புகையைத்தான். மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினோடு சேரும் குழாய்த் தொகுதியில், கசிந்தால், பெடல் பக்கத்து ஓட்டைகள் வழியாக நேரே உள்ளே வரும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். வேலை முடியும் வரை அந்த வண்டியில் அம்மாவை வெளியூர் கூட்டிப் போகாதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் கசிவை அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். அதுதானா என்று பார்த்துவிடலாம். டேப்பட் (வால்வைத் திறக்க உதவும் பாகம்) சத்தம் இன்ஜின் சூடான பிறகும் நிற்காது. உங்களுடையது சூட்டில் அடங்குகிறது. வார்ப்பிரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் ரப்பர் டியூப்பின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டும் ஹெட்டும் (இன்ஜினின் மேல் பாகம்) சேரும் இடத்தில் நகர்த்துங்கள். கசியும் இடத்தில் காதுக்குள் உமி ஊதுவது போலக் கேட்கும். அங்கே கரிக் கோடும் படிந்திருக்கும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். பக்கத்திலேயே கார்புரேட்டர் இருக்கிறது, பெட்ரோல் ஆவி இருக்கிறது.

வீட்டில் செய்யலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவையில் ஷெட் வைத்திருந்தபோது ஒரு கல்யாண வண்டி வந்தது, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். எண்ணெய் ஊறவிடாமல் ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி இழுத்தேன். நட் வரவில்லை, ஸ்டட் (நட் ஏறும், தலையில்லாத போல்ட்) கழுத்தோடு முறிந்து வந்தது. அந்த ஒரு ஸ்டட்டை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. மாப்பிள்ளை வேறு வண்டியில் போனார். அதற்குப் பிறகு எந்த மேனிஃபோல்டு நட்டையும் இரண்டு இரவு ஊறவிடாமல் தொட்டதில்லை.

எனவே வெள்ளிக்கிழமை ராத்திரி துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் விடுங்கள். சனிக்கிழமை இன்னொரு முறை. ஞாயிறு காலை இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஏர் கிளீனர், சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் ராடு, பெட்ரோல் பைப், சோலெக்ஸ் கார்புரேட்டர், சைலன்சர் பைப் ஃபிளேஞ்ச் (குழாய் முனையின் தட்டையான விளிம்பு) என்று ஒவ்வொன்றாக வரும். கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மார்க் ஃபோரில் இஞ்ச் அளவு நட்டுகள். 13 நம்பர் ஸ்பானர் பொருந்துவது போலத்தான் தெரியும், ஆனால் அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அந்தச் சின்ன வித்தியாசத்தில் நட் மூலை மழுங்கிவிடும். அரை இஞ்ச் ரிங் ஸ்பானர்தான் போடவேண்டும். இறுகியிருந்தால் முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படி முன்னும் பின்னுமாக. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் நல்லதே. முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முறிந்த முனை மேல் நட் வைத்து வெல்டிங் அடித்துத் திருப்புகிற கை, பழகிய கையாக இருக்கவேண்டும்.

இந்த 1489 சிசி இன்ஜினில் இன்லெட்டும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் மேனிஃபோல்டு) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் மேனிஃபோல்டு) ஒரே பக்கம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கெட். அதனால் இன்லெட் பக்கம் கசிந்தாலும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். வீணாக கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். நட்டுகளின் அடியில் இருக்கும் தடித்த பெரிய வாஷர்கள் இரண்டு ஃபிளேஞ்சையும் சேர்த்து அழுத்துகின்றன. இரண்டு ஃபிளேஞ்சும் ஒரே கனத்தில் இல்லாவிட்டால் வாஷர் ஒருபுறம் சாய்ந்து, மறுபுறம் தளர்வாகவே நிற்கும். எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் ஆறு மாதத்தில் அதே சத்தம் வருவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதல்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது கவனம். அந்தக் காலத்து கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போடாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல மாஸ்க் கட்டிக்கொண்டு, ஸ்க்ரேப்பரால் மெல்ல வழித்து, கழிவைப் பையில் கட்டிவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

அடுத்து, மேனிஃபோல்டுகளை ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் செய்யுங்கள், அதாவது முகத்தைச் சமமாகச் சீவச் சொல்லுங்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் ஒன்றாகவே கொடுக்கவேண்டும், ஒன்றை மட்டும் அல்ல.

கேஸ்கெட் வாங்கும்போது 'மார்க் ஃபோர், 1489 பெட்ரோல்' என்று சொல்லுங்கள். பின்னால் வந்த 1800 ஐசூஸு இன்ஜினுடையது சேராது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுப்பாருங்கள். கூடவே பித்தளை நட் ஒரு செட். பித்தளை துருப்பிடித்து ஸ்டட்டைப் பிடித்துக்கொள்ளாது. கேஸ்கெட்டை உலர்வாகவே மாட்டுங்கள். சிலிகான் பேஸ்ட் தடவச் சொல்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இந்தச் சூட்டில் அது கருகி உதிரும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போய், மூன்று சுற்றாக, சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள்.

திறந்த வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகையும்; அது அடங்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ஆறிய பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள். 150 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும்.

இதே வேலையை மாருதி 800 வண்டியில் செய்யலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: செய்யலாம், ஆனால் அதன் ஹெட் அலுமினியம். அம்பாசிடரின் வார்ப்பிரும்பு பொறுத்துக்கொள்வதை இது பொறுக்காது. கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே மரை உரிந்துவிடும். சூட்டோடு கழற்றவே கூடாது. உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல், கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கும்) வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் குறைவாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும், மைலேஜ் விழும். மைலேஜ் குறைகிறது என்று சென்சாரை மாற்றுவதற்கு முன் மேனிஃபோல்டு ஃபிளேஞ்சில் கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.