தொல்காந்தவியலும் நிலநடுக்க ஆய்வும் படித்தால் என்ன வேலை செய்வோம்? மலையகத்திலிருந்து அதற்குப் போக முடியுமா?

கேட்டிருப்பவர் அட்டனில் உயர்தரம் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் ஒரு தங்கச்சி. பாறைக்குள் இருக்கும் காந்தத்தை வைத்துக் கண்டங்கள் நகர்ந்ததைக் கண்டுபிடித்தார்கள் என்று வாசித்திருக்கிறார். அதையே தொழிலாகச் செய்ய முடியுமா, களவேலை எப்படி இருக்கும், வீட்டில் எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. நானும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, ஜப்பானில் கலாநிதிப் பட்டம் முடித்து இதே துறையில் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலநடுக்கம் என்றைக்கு வரும் என்று நாள் குறிக்கும் வேலை இதில் கிடையாது. இன்றுவரை உலகத்தில் யாராலும் அது முடியவில்லை. நிலம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு காலமாக நகர்கிறது என்று நாங்கள் அளக்கிறோம். அந்த நகர்வு எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கேதான் நிலநடுக்கம் பிறக்கிறது. தொல்காந்தவியல், அதாவது பாறையில் பதிந்த பழைய காந்தத்தைப் படிக்கும் துறை, அதை மில்லியன் கணக்கான ஆண்டுகளில் பார்க்கும். நிலநடுக்கவியல் சில வினாடிகளில் பார்க்கும். என் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

தோட்டத்தில் மழை விட்டதும் கானில் ஒதுங்கிய மணலுக்குள், பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி கொத்தாக ஒட்டும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது, நம் மலைப் பாறைகள் உக்கி வந்தது. எரிமலைக் குழம்பு ஆறும்போது, ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழே வந்ததும், அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அந்த நேரத்துப் பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பாறையை எங்கே கொண்டுபோனாலும் பழைய திசையை விடாது.

அந்தத் திசையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. இன்னொன்று, கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது. பூமத்திய கோட்டில் காந்தக் கோடு படுத்துக் கிடக்கும், துருவத்தில் நிமிர்ந்து நிற்கும். சாய்வுக் கோணத்தின் டான் பெறுமானம், அகலக்கோட்டின் டான் பெறுமானத்தைப் போல் இரண்டு மடங்கு. இணைந்த கணிதம் படிக்கிற உங்களுக்கு இது ஒரு வரிக் கணக்கு. தக்காணத்து எரிமலைப் பாறைகள் 66 மில்லியன் ஆண்டு பழையவை. அவற்றில் சாய்வு 45 முதல் 50 பாகை வரை வருகிறது. கணக்குப் போட்டால், அவை உருவானபோது இந்தியா பூமத்திய கோட்டுக்குத் தெற்கே 30 பாகைக்குக் கிட்ட இருந்திருக்கிறது. கண்ட நகர்வை நம்பாதவர்களே அதிகமாக இருந்த 1950களில், எட்வர்ட் இர்விங், பிளாக்கெட், கிளெக் போன்ற ஆய்வாளர்கள் இந்தியப் பாறைகளைத் தேடி எடுத்து அளந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். முதன்முதலில் இதை நானே போட்டு விடை வந்தபோது இருந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

களவேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெற்றோலில் ஓடும், மரம் அறுக்கும் செயின் சோ எஞ்சினைப் போன்ற ஒரு துளைகருவி. அதன் நுனியில் வைரத்தூள் பதித்த குழாய். ஒருவர் துளைக்க, இன்னொருவர் கைப்பம்பால் தண்ணீர் அடிக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் சூடேறிக் கெட்டுவிடும். 2.5 சென்டிமீற்றர் விட்டத்தில் விரல் நீளக் கல் ஒன்று பாறைக்குள் நிற்கும். அதை உடனே பிடுங்கக் கூடாது. முதலில் பித்தளைக் குழாய் ஒன்றை அதன்மேல் செருகி, சரிவையும் திசையையும் அளந்து, குழாயிலுள்ள வெட்டு வழியாகப் பித்தளைக் கம்பியால் கல்லின் முதுகில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாத கல்லால் எந்தப் பிரயோசனமும் இல்லை. இரும்பு பக்கத்திலேயே வரக்கூடாது என்பதால்தான் எல்லாமே பித்தளை. பாறையே காந்த ஊசியை இழுத்துவிடும் இடங்களில் சூரியனின் நிழலை வைத்துத் திசை பார்ப்போம். நுவரெலியா, அம்பேவல பக்கம் வேலை என்றால் அதற்கும் வழியில்லை. பத்து மணிக்கு முன்னமே மிஸ்ட் இறங்கிவிடும். மலை உச்சிப் பாறைகளையும் தவிர்க்கப் பாருங்கள். இடி விழுந்த கல்லில் பழைய காந்தம் அழிந்து மின்னலின் காந்தம் ஏறியிருக்கும்.

ஆய்வுகூடத்தில் வேலை அமைதியாக நடக்கும். வெளிக்காந்தம் புகாத அறையில் கல்லை 100 பாகை, 200 பாகை என்று படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் எஞ்சிய காந்தத்தை அளப்போம். பிற்காலத்தில் ஒட்டிய காந்தம் முதலில் கழன்றுவிடும், பழையது கடைசிவரை நிற்கும். அலுப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை.

நம் மலையகத்துப் பாறைகளை வைத்தே செய்யலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். அங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மத்திய மலைநாட்டின் சார்னோக்கைட், கொண்டலைட் பாறைகள் ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, பூமிக்குள் ஆழத்தில் வெந்தவை. அந்தச் சூட்டில் பழைய காந்தம் எல்லாம் போய்விட்டது. இப்போது இருப்பது மெதுவாக ஆறியபோது ஏறியது. அதற்குப் பிறகு பாறை எவ்வளவு சாய்ந்தது என்று சொல்ல, எரிமலைக் குழம்பிலோ படிவுப் பாறையிலோ இருப்பதுபோல் கிடையான தளம் ஒன்றும் கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் பிளவுகளுக்குள் ஏறி உறைந்த கரிய டொலரைட் பாளங்களையும் தேடிப் போகிறார்கள். இலங்கை, இந்தியா, அந்தாட்டிக்கா மூன்றும் எப்படி ஒட்டியிருந்தன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் யோஷிதா, ஃபுனாகியோடு சேர்ந்து நம் பேராசிரியர் விதானகே 1992இல் எழுதியது இந்த வழியில் முக்கியமான வேலை. இந்தத் தீவில் இன்னும் அளக்காத பாறை நிறையக் கிடக்கிறது, அதை நம் பிள்ளைகள் அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிலநடுக்கத்துக்கு எப்படி வந்தேன்? ஜப்பானில் சேர்ந்த புதிதில், தென்மேற்கு ஜப்பான் ஏறத்தாழ 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து விலகிக் கடிகார முள் திசையில் திரும்பியது என்பதைப் பாறைக் காந்தத்திலிருந்து படித்தேன். நிலம் திரும்பினால் அதன் ஓரங்கள் உடைய வேண்டும். அந்த உடைவுகள்தான் பிளவுகள், அவற்றில்தான் நிலநடுக்கம். அப்புறம் பிளவுப் பாறையையே எடுத்து அளக்க ஆரம்பித்தோம். பிளவின் இரண்டு பக்கமும் உராயும்போது சில வினாடிகளில் நூற்றுக்கணக்கான பாகை சூடேறும். அந்தச் சூட்டில் களிமண்ணிலுள்ள இரும்புக் கனிமங்கள் சிதைந்து புதிதாக மேக்னடைட் உண்டாகும். 1999 செப்டெம்பரில் தாய்வானை உலுக்கிய செலுங்பு பிளவைத் துளைத்தபோது, உராய்ந்த அந்த மெல்லிய பட்டையில் காந்தத்தன்மை கூடியிருந்தது. பூமி ஒரு கணம் எவ்வளவு சூடானது என்பதற்கு அந்தக் கறுப்புக் களிமண்ணே சாட்சி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதெல்லாம் ஜப்பானுக்கும் தாய்வானுக்கும் சரி, நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் நிலம் உடைந்தபோது, ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தள்ளி இருந்த இலங்கைத் தரை 9 சென்டிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலை நிலையத்தின் கருவி அதைப் பதிந்தது. அலை மெதுவாக வந்ததால் பெரும்பாலானோருக்கு உடம்பில் தெரியவில்லை. நில அலை வந்தது சில நிமிடங்களில். கடல் அலை கிழக்குக் கரைக்கு வந்தது ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்து. அந்த இடைவெளியில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இந்தத் துறைக்கு நம் ஆட்கள் வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை. 2012 ஏப்ரலில் 8.6 அளவிலான நிலநடுக்கத்தில் இந்து சமுத்திரத்தின் தரை நடுவிலேயே உடைந்தது. இந்தியாவும் ஒஸ்திரேலியாவும் பூமியின் மேலோட்டில் ஒரே தட்டாக இருப்பது மெல்ல முடிவுக்கு வருகிறது என்பதை அது காட்டியது. அந்தக் கடல் நமக்குத் தூரமில்லை.

2020 ஆகஸ்ட் முதல் திகன, ஹாரகம பக்கம் வந்த சிறு அதிர்வுகளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விக்டோரியா அணைதான் காரணமா என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய நீர்த்தேக்கம் நிறையும்போது எடை ஏறும், தண்ணீர் பிளவுக்குள் ஊறி அழுத்தமும் ஏறும்; மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்குப் பக்கத்தில் 1967இல் 6.3 அளவில் வந்தது இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். திகனவைப் பொறுத்தவரை சுண்ணாம்புக்கல் பாறை, கல்லுடைப்பு, அணை என்று பல கருத்து உண்டு. இதைத் தீர்த்துச் சொல்ல அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி நெருக்கமாகக் கருவிகள் வேண்டும், அவற்றை வருஷக்கணக்கில் பார்க்க ஆள் வேண்டும்.

இனி வீட்டுப் பிரச்சினை. அப்பாவிடம் நிலநடுக்கத்தில் தொடங்க வேண்டாம், மண்சரிவில் தொடங்குங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது தோட்டத்தில் யாருக்கும் மறக்காது. மலையகத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சரிவுதான். சரிவை ஆராய்வதும், நிலத்தடி நீர் பார்ப்பதும், அணைக்கு அத்திவாரம் சோதிப்பதும் புவிப்பௌதிகம் படித்தவர்கள் செய்யும் வேலைகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் எல்லாம் இந்தப் படிப்பு உள்ளவர்களை எடுக்கின்றன. ஆராய்ச்சி சரிவராவிட்டாலும் கையில் தொழில் இருக்கும் என்று அவருக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

படிப்பு வழி இப்படி. பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலை ஒரு பாடமாக எடுங்கள், பௌதிகவியலையும் கணிதத்தையும் விடாதீர்கள். மேற்படிப்புக்கு ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் ஒரு நல்ல வழி. பக்கத்திலேயே ஹைதராபாத்தின் தேசியப் புவிப்பௌதிக ஆய்வு நிறுவனமும், மும்பைக்கு அருகேயுள்ள இந்தியப் புவிக்காந்த நிறுவனமும் இருக்கின்றன. திருநெல்வேலியில் அந்தப் புவிக்காந்த நிறுவனத்துக்கு ஓர் ஆய்வுகூடம் உண்டு, காந்தப் பூமத்திய கோடு அதற்குப் பக்கத்தில் போவதால். கணினியில் நிரல் எழுதவும் இப்போதே பழகுங்கள். எங்களுக்கு அது பிந்தித்தான் வந்தது, உங்களுக்கு அப்படி ஆகத் தேவையில்லை. பல்கலைக்கழக அனுமதி கிடைத்து, பாடத்தெரிவுப் படிவம் நிரப்பும் நேரத்தில் இங்கேயே எழுதுங்கள் தங்கச்சி, எந்தப் பாடத்தோடு எதைச் சேர்ப்பது என்று இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்யலாம்.