பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே ரிப்பேர் பார்த்து ஓட்ட முடியுமா?

முடியும். நான் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை, துணிக்கூரை போட்ட இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை, அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1989இல் அறிமுகமான மாடல், எடை ஏறக்குறைய ஒரு டன். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் கண்ணுக்குத் தெரியும், கையை விட்டு ஸ்பேனரைத் திருப்ப இடமும் இருக்கும். வேலை கற்றுக்கொள்ளத் தோதான கார்.

வாங்கியதும் பலர் முதலில் கைவைப்பது சைலன்சரிலும் சஸ்பென்ஷனிலும்தான். அதெல்லாம் அப்புறம். இந்த மாதிரி கார்களைக் கெடுப்பது ஓட்டத்தைவிட வயசு. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். வருஷக்கணக்கில் நின்ற காரில் ஹோஸ், சீல், டயர் என்று ரப்பர் எல்லாமே இறுகிப்போயிருக்கும். டயரின் மேல்வரிகள் தேயாமல் நன்றாகவே தெரியலாம், ஆனாலும் ரப்பர் பழசாக இருக்கும். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2309 என்றால் 2009ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரை மாற்றிவிட்டு மற்றதைப் பேசுவோம்.

டயருக்கு அடுத்து, என்னைக் கேட்டால் முதல் வேலை பிரேக் ஆயில். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது திரும்பத் திரும்பப் பிரேக் அடித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் சும்மா உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.

அடுத்தது டைமிங் பெல்ட், எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லையா? மாற்றவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, நடுவழியில் நிற்பதோடு சரி. வேறு பல எஞ்சின்களில் வால்வு வளைந்து பெரிய செலவாகிவிடும். வாட்டர் பம்பைக் கழற்ற எப்படியும் பெல்ட்டை எடுத்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுவது நல்லது. போல்ட்டுகளை இறுக்க டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர், கட்டாயம். கைக்கணக்கில் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

உதிரிபாகம் வாங்கும் முன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை ரிவர்ஸ் கியர் கரகரவென்று உராய்ந்துகொண்டுதான் விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கியர்பாக்ஸ் போச்சு என்றார்கள். கீழே போய் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் சின்ன சிலிண்டர்) ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஒரே ஈரம். ஆயில் ஒழுகியதால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அதுதான் உராய்வு. இந்தக் காரில் அடிக்கடி ஒழுகும் இடம் அது. இரண்டு போல்ட், ஒரு பைப், அவ்வளவுதான் வேலை.

கீழே போவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். சமதரையில் ஸ்டாண்டு கொடுத்து, காரைத் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இதில் விவாதமே கிடையாது.

எல்லாவற்றையும் நானே பார்ப்பதில்லை. கியர்பாக்ஸைப் பிரிப்பது, வெல்டிங் இரண்டும் கடைக்குத்தான். வெல்டிங் வராமல் தடுக்க ஒரு வழி உண்டு. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் வழியாகக் கீழே போகும். அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வளையும் பிளாஸ்டிக் குச்சியால் அவ்வப்போது மெதுவாகக் குத்திச் சுத்தம் செய்தால் போதும். இன்னும் வாங்கவில்லை என்றால், பின்சக்கரத்துக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெயின்டுக்குக் கீழே இருப்பது தகடு அல்ல, பட்டி.