நள்ளிரவுக் குழாய் ஓசை: முதலில் பிளஷ் தொட்டியைப் பாருங்கள்

வணக்கம். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் நள்ளிரவில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுவருக்குள் சீறலும், அதன் முடிவில் ‘டொக்’ என்ற ஓசையும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு சீரான இடைவெளி இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது பிளஷ் தொட்டியைத்தான். அடியிலுள்ள வாஷர் தேய்ந்து நீர் சிறிது சிறிதாகக் கசிய, மிதவை இறங்கி, தொட்டிக்குள் நீர் விடும் வால்வு திறக்கிறது. தொட்டி நிரம்பியதும் அந்த வால்வு சட்டென மூட, ஓடிவந்த நீர் முட்டி நின்று, கிளாம்ப் (சுவரோடு பிடித்துவைக்கும் பட்டை) தளர்ந்த குழாயைச் சுவரில் மோதவைக்கிறது. தொட்டி நீரில் சிறிது நீலச் சாயம் கலந்து, 30 நிமிடம் பிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். தெரியாவிட்டால், ஓர் இரவு அத்தொட்டியின் ஆங்கிள் வால்வை (தொட்டிக்கு நீர் வரும் குழாயில் உள்ள சிறு அடைப்பான்) மூடிவைத்து, ஓசை நிற்கிறதா எனக் கவனியுங்கள். அதற்கு முன் சுவரை உடைக்க யாரையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.