மார்ச் மாதப் பச்சையை நம்பிக் காணி எடுக்காதீர்கள்

தம்பி, இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் வீட்டுவேலையை விட்டுவிட்டு மலைப்பக்கம் ஒலிவ் காணி குத்தகைக்கு எடுக்கலாமா, விசா எப்படி, மொழி எப்படி என்று கேட்டிருந்தீர்கள். விசாவைப் பத்ரொனாத்தோ என்கிற தொழிலாளர் உதவி அலுவலகத்தில் கேளுங்கள். மொழி வேலையோடு வரும். காணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இங்கே மழையெல்லாம் குளிர்கால மாரியில்தான். அதனால் மார்ச்சில் கோதுமை பச்சையாக நிற்கும், சுல்லா என்கிற தீவனச் செடி சிவப்பாகப் பூத்திருக்கும். காணிக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஜூலையில் அதே சரிவு முழுக்கக் காய்ந்த புல். தெற்கிலிருந்து வரும் சிரோக்கோ என்கிற வெப்பக் காற்று அடிக்கும்போது ஒரு பொறி விழுந்தால் போதும். 2021 ஆகஸ்டில் சிரக்கூசா பக்கம் ஃபுளோரிடியாவில் 48.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2023 ஜூலையில் பலெர்மோவைச் சுற்றியிருந்த மலைகள் எரிந்து விமான நிலையத்தையே மூடினார்கள்.

ஆகவே பக்கத்துக் காணியை முதலில் பாருங்கள். பிள்ளைகள் மிலானுக்குப் போய்விட, உழாமல் கிடக்கிற காணிகள் ஏராளம். முதலில் முட்பற்றை ஏறும், பிறகு திசா என்கிற உயரமான முரட்டுப் புல். முன்பு அதைத் திரித்துக் கோதுமைக் கட்டுகளைக் கட்டினார்களாம். இப்போது வெட்ட ஆளில்லை. எரிந்தாலும் வேரிலிருந்து திரும்ப முளைத்துவிடும். ஒலிவ் மரத்துக்கு அந்த வேகம் கிடையாது.

அடுத்தது கல்மதில். சரிவைத் தாங்குகிற மதில்களைச் சாந்தில்லாமல்தான் அடுக்க வேண்டும். நம்மவர்கள் சிலர் உறுதியாக இருக்கட்டும் என்று சீமெந்து பூசுகிறார்கள். எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கி, மதில் வயிறு தள்ளி, ஒரு மாரியில் மண்ணோடு சரியும். முன்னால் பெரிய கல், பின்னால் சல்லிக்கல் என்று நான் வேலை செய்த தோட்டத்துக் கிழவர் கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். இன்று ஊர்க்காரரே மதில் கட்ட என்னைக் கூப்பிடுகிறார்கள்.

நான் வந்த புதிதில் நகரத்துச் சமையலறையைத் தாண்டாத நம்மவர்கள், மலையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஜூனில் அந்தக் கிழவர் சப்பாத்திக்கள்ளியின் முதல் பூக்களையெல்லாம் தட்டி விழுத்துவார். எனக்கு வயிறு எரியும். ஆனால் கள்ளி மறுபடி பூக்கும். அக்டோபரில் அந்த இரண்டாம் காய் பெரிதாக, சதைப்பற்றாக வந்து நல்ல விலைக்குப் போகும். முள்ளெடுத்து முதல் பழத்தை எனக்குத்தான் தருவார்.